வயது: தடையா, தகுதியா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வயதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வயது ஏற ஏற மனிதனின் புதுச் சிந்தனை மங்கிவிடுகிறதா? சாதிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறதா? சரியான முடிவெடுக்கும் பக்குவம் கூடுகிறதா, குறைகிறதா? இதுதான் கேள்வி.

ஏதோ அறிஞர்கள் உட்கார்ந்து விவாதிக்கும் விஷயம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். நம் ஊர்களில் கடைத்தெருவிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் தினமும் காதில் விழும் மூன்று புலம்பல்களை நினைத்துப் பாருங்கள்.

ஓர் இளைஞர் சொல்கிறார்: "அத்தா கடையில் பதினைந்து வருஷமாக நிற்கிறேன். கொள்முதல் தெரியும், வரவு செலவு தெரியும், வாடிக்கையாளர் எல்லாரையும் தெரியும். ஆனால் கல்லாப் பெட்டிச் சாவி மட்டும் இன்னும் என் கைக்கு வரவில்லை. எதைச் சொன்னாலும் 'உனக்கு என்னடா தெரியும்?' என்ற ஒரே பதில்தான்."

அவருடைய தகப்பனார் சொல்கிறார்: "நாற்பது வருஷமாக நான் வியர்வை சிந்தி வளர்த்த கடை. நேற்றுப் பிறந்தவன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வியாபாரம் சொல்லிக் கொடுக்கிறான்."

வளைகுடாவில் இருபது வருஷம் உழைத்துவிட்டு நாற்பத்தைந்து வயதில் ஊர் திரும்பிய மூன்றாமவர் சொல்கிறார்: "இனிமேல் என்ன பாய்? நம் காலம் முடிந்துவிட்டது. பிள்ளைகளைக் கரை சேர்த்தால் போதும்."

மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசுவதுபோலத் தெரிகிறது. ஆனால் மூவரின் மனத்திலும் இருப்பது ஒன்றுதான். வயதே தீர்ப்பு என்று மூவரும் நம்புகிறார்கள். அது சரிதானா என்று பார்ப்போம்.

மூன்றையும் ஒன்றாக்கிக் குழப்ப வேண்டாம்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். புதிதாகச் சிந்திப்பது வேறு. சிந்தித்ததைச் செய்து முடிப்பது வேறு. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நிதானித்து முடிவெடுப்பது வேறு. இந்த மூன்றின் மீதும் வயது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

உளவியல் அறிஞர் ரேமண்ட் கேட்டல் மனித அறிவை இரண்டு வகையாகப் பிரித்தார். இதுவரை பார்த்திராத ஒரு சிக்கலை விரைவாகப் பிடித்து அவிழ்க்கும் திறன் ஒன்று. வாழ்நாள் முழுதும் கற்றும் பட்டும் சேர்த்துவைத்த அறிவு மற்றொன்று. முதல் வகை இளமையில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல மெல்ல இறங்குகிறது. இரண்டாவது வகையோ நடுவயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே போகிறது.

நம் கடைமொழியில் சொல்கிறேன். புதிதாக வந்த கணக்கு மென்பொருளை மகன் ஒரே நாளில் பிடித்துக்கொள்வான். தகப்பனாருக்கு ஒரு மாதம் ஆகும். ஆனால் கடன் கேட்டு வந்து நிற்பவரின் பேச்சைக் கேட்டே, இவருக்குச் சரக்குக் கொடுத்தால் பணம் திரும்புமா திரும்பாதா என்று தகப்பனார் சொல்லிவிடுவார். மகனுக்கு அது தெரியப் பத்து வருஷம் ஆகும். இருவரில் யார் அறிவாளி? கேள்வியே தவறு! இரண்டு அறிவும் ஒரே கடைக்கு வேண்டும்.

கிதாபுகள் சொல்லும் சாட்சி

நான் மதரஸாவில் ஓதியவன். அங்கிருந்தே உதாரணம் தருகிறேன்.

இமாம் நவவி (ரஹ்) அவர்களை அறியாத மதரஸா மாணவர் உண்டா? 'ரியாளுஸ் ஸாலிஹீன்' தந்தவர்கள். ஷாஃபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜ்' தந்தவர்கள். ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதியவர்கள். ஹிஜ்ரி 631-இல் பிறந்து 676-இல் மறைந்தார்கள். வெறும் நாற்பத்தைந்து ஆண்டுகள்! இன்று நம் ஊரில் நாற்பத்தைந்து வயதுக்காரரை ஜமாஅத் கூட்டத்தில் "தம்பி, நீ கொஞ்சம் உட்கார்" என்கிறோம்.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, சாதிப்பதெல்லாம் இளமையில்தான்" என்று இளைஞர்கள் துள்ள வேண்டாம். இன்னொருவரைப் பாருங்கள். ஸஹீஹுல் புகாரிக்கு 'ஃபத்ஹுல் பாரி' என்ற விரிவுரையைத் தந்த இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) ஹிஜ்ரி 773-இல் பிறந்தவர்கள். அந்த நூலை 817-இல் தொடங்கி 842-இல் முடித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடங்கும்போது வயது நாற்பத்து நான்கு. முடிக்கும்போது அறுபத்தொன்பது. ஒருவர் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையையும் முடித்துவிட்டு உலகை விட்டே போன அதே வயதில்தான், இன்னொருவர் ஸஹீஹுல் புகாரியின் விரிவுரைக்குப் பேனாவையே எடுக்கிறார்! இதில் எதை "சரியான வயது" என்பீர்கள்?

வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரருக்காக இன்னொருவரையும் சொல்கிறேன். ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவர் அல் கஃப்பால் அல் மர்வஸீ (ரஹ்). 'கஃப்பால்' என்றால் பூட்டுச் செய்பவர். அதுதான் அவருடைய தொழில். மிகச் சிறிய பூட்டையும் சாவியையும் நுணுக்கமாகச் செய்து பெயர் வாங்கிய கைவினைஞர். அவர் மார்க்கச் சட்டம் படிக்க உட்கார்ந்ததே முப்பது வயதில் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அந்த வயதில் படிக்க உட்கார்ந்தவர், குராஸானின் தலைசிறந்த சட்ட அறிஞரானார். ஹிஜ்ரி 417-இல், ஏறக்குறைய தொண்ணூறு வயதில் மறைந்தார். முப்பது வயதில் தொடங்கியவருக்கு இன்னும் அறுபது ஆண்டுகள் மிச்சம் இருந்தன. அன்றைக்கு அவர் "நம் காலம் முடிந்துவிட்டது" என்று சொல்லியிருந்தால்?

உஸாமாவின் தலைமையும் உஹதின் பாடமும்

சாதனை இருக்கட்டும், பொறுப்பையும் முடிவெடுக்கும் அதிகாரத்தையும் இளையவர்களிடம் எப்படிக் கொடுப்பது என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ரோமப் பேரரசின் எல்லையை நோக்கிப் புறப்பட்ட படைக்கு நபி (ஸல்) அவர்கள் தலைவராக நியமித்தது உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை. வயது இருபதைத் தாண்டவில்லை. அந்தப் படையில் மூத்த தோழர்கள் பலர் இருந்தார்கள். "இவ்வளவு சிறியவரா?" என்ற முணுமுணுப்பு எழுந்தது. இவருடைய தந்தையின் தலைமையையும் முன்பு குறை சொன்னீர்கள், அவரும் தகுதியானவர்தான், இவரும் தகுதியானவர்தான் என்று நபிகளார் பதில் தந்தார்கள். கவனியுங்கள்! வயதைப் பற்றிய கேள்விக்குத் தகுதியைக் கொண்டு பதில் சொன்னார்கள்.

நபிகளார் மறைந்த பின் கலீஃபா அபூபக்ர் (ரலி) அந்தப் படையை அனுப்பிவைத்தபோது, மூத்த ஒருவரைத் தலைவராக்கலாம் என்ற யோசனை மீண்டும் வந்தது. கலீஃபா மறுத்துவிட்டார்கள். உஸாமா வாகனத்தின் மீதிருக்க, முதிய கலீஃபா பக்கத்தில் நடந்து சென்று வழியனுப்பினார்கள். படையில் இருந்த உமர் (ரலி) அவர்களைத் தம் உதவிக்கு மதீனாவில் விட்டுச்செல்ல முடியுமா என்று அந்த இளைஞரிடம் அனுமதி கேட்டார்கள். நாட்டின் தலைவர் நினைத்தால் ஆணையே இட்டிருக்கலாம். ஆனால் பொறுப்பைக் கொடுத்தபின் அதற்குரிய அதிகாரத்தையும் மதித்தார்கள். மகனைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, அவன் வைத்த விலையை வாடிக்கையாளர் முன்னாலேயே மாற்றும் தகப்பனார்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

யமாமா போருக்குப் பிறகு குர்ஆனை ஒன்றுதிரட்டும் மாபெரும் பணி யாரிடம் தரப்பட்டது? இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம். அவரைத் தேர்ந்தெடுத்த அபூபக்ர் (ரலி) காரணங்களையும் சொன்னார்கள். இளைஞர், அறிவுள்ளவர், எந்தக் குற்றச்சாட்டுக்கும் ஆளாகாதவர், நபிகளாருக்காக வஹீயை எழுதிவந்தவர். இந்த நான்கையும் எண்ணிப் பாருங்கள் இளைஞர்களே! இளமை அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நான்கில் ஒன்றாகத்தான் இருக்கிறது. அறிவும் நாணயமும் அனுபவமும் மற்ற மூன்று. "நான் இளைஞன், வழி விடுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது.

இப்போது உஹது. எதிரி வருகிறான் என்ற செய்தி வந்ததும் ஆலோசனை நடந்தது. மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்கொள்ளலாம் என்பது நபிகளாரின் எண்ணம். மூத்தவர் பலரின் கருத்தும் அதுவே. பத்ரில் கலந்துகொள்ள வாய்ப்புக் கிட்டாத இளைஞர்களோ, வெளியே சென்று மோதவேண்டும் என்று ஆர்வத்தோடு வற்புறுத்தினார்கள். அவர்களின் கருத்தே ஏற்கப்பட்டது. போரின் முடிவு நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பின்னடைவு எங்கே தொடங்கியது? நிறுத்தப்பட்ட இடத்தை விட்டு அம்பெய்யும் வீரர்கள் இறங்கியபோது தொடங்கியது. அது வயதின் தவறல்ல, கட்டுப்பாட்டின் தவறு. இத்தனைக்கும் பிறகு, ஆலு இம்ரான் அத்தியாயத்தில் உஹதைப் பற்றிப் பேசும் அந்த வசனங்களிடையேதான், தோழர்களிடம் கலந்தாலோசிக்குமாறு நபிகளாருக்குக் கட்டளை வருகிறது. இளைஞர்களின் யோசனை ஒருமுறை கசந்துவிட்டது என்பதற்காக ஆலோசனையின் கதவு மூடப்படவில்லை! நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மகன் சொல்லி வாங்கிய ஒரு சரக்குத் தேங்கிப்போனால், இருபது வருஷம் அதையே சொல்லிக் காட்டுகிறோம்.

அதே மனிதர், வேறு வயது

வயதுக்கும் பக்குவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் முஹம்மதைப் பாருங்கள். 1432-இல் பிறந்தவர். 1444-இல், பன்னிரண்டு வயதில், தந்தை முராத் அவரை அரியணையில் அமர்த்திவிட்டு ஒதுங்கினார். என்ன ஆனது? வெளியே எதிரிப் படை திரண்டது, உள்ளே நிர்வாகம் தடுமாறியது. வர்னா போரை நடத்தத் தந்தையே திரும்பி வரவேண்டியதாயிற்று. 1446-இல் ஆட்சியையும் தந்தையே மீண்டும் ஏற்றார். மகன் மனீஸா மாகாணத்துக்குத் திரும்பினார்.

1451-இல் தந்தை இறந்ததும் அதே மகன் பத்தொன்பதை நெருங்கும் வயதில் மீண்டும் அரியணை ஏறினார். 1453 மே 29 அன்று, இருபத்தொரு வயதில், கான்ஸ்டாண்டிநோபிளை வென்றார். துறைமுக வாயிலை எதிரிகள் இரும்புச் சங்கிலியால் அடைத்திருந்தபோது, சுமார் எழுபது கப்பல்களை நிலத்தின் வழியே இழுத்துச் சென்று மறுபக்கம் இறக்கினார். இந்த முற்றுகையே வேண்டாம் என்றவர், அனுபவம் மிக்க முதிய தலைமை அமைச்சர்!

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. பன்னிரண்டு வயதில் முடியாதது இருபத்தொன்றில் முடிந்தது. இடையில் கிடைத்த பயிற்சிதான் காரணம். இது இளைஞர்களுக்கு. முதல் முயற்சி தோற்றது என்பதற்காக அவரை ஒரேயடியாக ஒதுக்கியிருந்தால் இரண்டாவது வெற்றி வந்திருக்காது. இது பெரியவர்களுக்கு.

அதே உஸ்மானிய நாட்டின் கட்டடக் கலைஞர் சினான் ஐம்பதை ஒட்டிய வயதுவரை படையில் பாலங்களும் படகுகளும் கட்டிக்கொண்டிருந்தவர். 1539-இல்தான் தலைமைக் கட்டடக் கலைஞரானார். 1548-இல் முடிந்த ஷெஹ்ஸாதே பள்ளிவாசலைப் பயிலும் காலத்து வேலை என்றும், 1557-இல் முடிந்த சுலைமானியா பள்ளிவாசலைக் கை தேர்ந்த காலத்து வேலை என்றும், எதிர்னே நகரின் ஸலீமிய்யா பள்ளிவாசலையே தம் ஆசான் நிலைப் படைப்பு என்றும் அவர் கருதியதாகச் சொல்வார்கள். 31 மீட்டருக்கும் அதிகமான விட்டமுள்ள அதன் குவிமாடம் எழுந்தபோது அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. அறுபதை நெருங்கியபோது முடித்த வேலையைப் பயிற்சி வேலை என்று சொல்லும் மனம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

"அதெல்லாம் வரலாறு, இன்றைய வியாபார உலகத்துக்குப் பொருந்துமா?" என்று கேட்பீர்கள். பொருந்துகிறது.

புதிய தொழில் தொடங்கிப் பெரிதாக வளர்ப்பவர்கள் எல்லாரும் இருபது வயது இளைஞர்கள் என்றொரு எண்ணம் பரவியிருக்கிறது. அமெரிக்காவில் 27 இலட்சம் தொழில் முனைவோரின் விவரங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு இதை மறுக்கிறது. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றாக நின்ற நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. முப்பது வயதில் தொடங்குபவரைவிட ஐம்பது வயதில் தொடங்குபவருக்கு அத்தகைய வெற்றி கிட்டும் வாய்ப்பு 1.8 மடங்கு. அதே துறையில் முன்பே உழைத்த அனுபவம் அந்த வாய்ப்பை மேலும் கூட்டுகிறது. நாற்பத்தைந்து வயதில் திரும்பிய சகோதரரே, கேட்டீர்களா? உங்கள் இருபது வருஷம் வீணாகவில்லை. அங்கே என்ன தொழிலைக் கற்றீர்களோ அதை ஒட்டித் தொடங்குங்கள். தெரியாத தொழிலில், யாரோ சொன்னார் என்று சேமிப்பை எல்லாம் கொட்டாதீர்கள்.

விஞ்ஞானிகளின் வாழ்நாள் உழைப்பைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. ஒருவரின் மிகச் சிறந்த ஆய்வு அவருடைய முதல் கட்டுரையாகவும் இருக்கலாம், நடுவிலும் இருக்கலாம், கடைசியாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய சமவாய்ப்பு என்று அது கண்டது. பிறகு ஏன் இளமையில் அதிகம் சாதிப்பதாகத் தெரிகிறது? இளமையில் அதிகம் முயல்கிறார்கள். வயதானதும் முயற்சியின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. சீட்டு எடுப்பதை நிறுத்தியவருக்குப் பரிசு விழாது. அவ்வளவுதான்!

கணிதம் இளைஞர்களுக்கே உரியது என்பார்கள். நம் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் இருபத்தைந்து வயதில் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதி உலகை வியக்க வைத்தார், முப்பத்திரண்டில் மறைந்தார். உண்மைதான். ஆனால் பகா எண்களின் இடைவெளி பற்றிய பழைய சிக்கலில் 2013-இல் பெரும் கண்டுபிடிப்பைச் செய்த யிதாங் ஜாங் 1955-இல் பிறந்தவர். முனைவர் பட்டம் பெற்றும் சரியான வேலை கிடைக்காமல் உணவுக் கடையில் வேலை பார்த்தவர். அவர் விடாமல் முயன்றார்.

பெரியவர்களுக்கு ஒரு கசப்பு மருந்து

பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. பணம் சம்பந்தப்பட்ட முடிவுகளில் எந்த வயதில் தவறு குறைவு என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் நால்வர் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். கடன், கடன் அட்டை, அபராதக் கட்டணம் எனப் பத்து வகையில் பார்த்தார்கள். வட்டி உலகம் நமக்கு வேண்டாம். அந்தக் கணக்குத் தரும் பாடம் வேண்டும். இளையவர்கள் அதிகம் தவறினார்கள், அனுபவம் இல்லாததால். வயது கூடக்கூடத் தவறு குறைந்து, ஐம்பத்து மூன்று வயதை ஒட்டி மிகக் குறைவாக இருந்தது. அதன் பிறகு மறுபடியும் கூடியது. கணக்கிடும் கூர்மை மங்கும் வேகத்தை அனுபவத்தால் ஈடுகட்ட முடியாமல் போகிறது.

இது சராசரிதான். எழுபதிலும் தெளிவாக இருப்பவர்கள் உண்டு, முப்பதிலேயே குழம்புபவர்களும் உண்டு. ஆனாலும் எச்சரிக்கை வேண்டாமா? சாவியை எப்போது கொடுப்பது? தெளிவாக இருக்கும்போது கொடுங்கள். பக்கத்தில் அமர்ந்து திருத்தச் சக்தி இருக்கும்போது கொடுங்கள். படுக்கையில் விழுந்தபின் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் சாவி, ஒப்படைத்த சாவி அல்ல, பறிபோன சாவி. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடம் வரவேண்டும் என்பது ஒரே ஒருவர் மனத்தில் மட்டும் இருந்து, அவரோடு அடக்கமாகிவிட்ட கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாரிசுகள் கடைசியில் நிற்பது எங்கே? நீதிமன்ற வாசலில்!

என்ன செய்யலாம்?

பெரியவர்களே! இந்த மாதமே மகனிடம் ஒரு பகுதியை முழுமையாக ஒப்படையுங்கள். கொள்முதலோ, வசூலோ, ஒரு கிளையோ, ஏதோ ஒன்று. தொகைக்கு எல்லை வையுங்கள். அந்த எல்லைக்குள் அவர் முடிவே முடிவாக இருக்கட்டும். நஷ்டம் வந்தால் தனியே அழைத்துக் கணக்குக் கேளுங்கள். வாடிக்கையாளர் முன்னால் கேட்காதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள். அது மார்க்கத்தின் கட்டளையும் கூட.

இளைஞர்களே! அதிகாரத்தைக் கேட்கும் முன் கணக்கைக் காட்டுங்கள். புதிய யோசனையைச் சொல்லும்போது, எவ்வளவு முதல் வேண்டும், தோற்றால் எவ்வளவு போகும் என்று தாளில் எழுதிக்கொண்டு போய் அத்தாவின் முன் உட்காருங்கள். "உங்களுக்கு இது புரியாது" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். அவரிடம் இருக்கும் நாற்பது வருஷத்து அறிவு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அவர் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! உமர் (ரலி) அவர்களின் ஆலோசனை அவையைப் பாருங்கள். பத்ரில் கலந்துகொண்ட மூத்தவர்களோடு இளைஞர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் அமர வைத்தார்கள். எங்களுக்கும் இவர் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சிலர் கேட்டார்கள். உமர் (ரலி) வாதம் செய்யவில்லை. அந்நஸ்ர் அத்தியாயத்தின் பொருளை எல்லாரிடமும் கேட்டார்கள். மூத்தவர்கள் வெளிப்படையான பொருளைச் சொன்னார்கள். சிலர் மௌனமாக இருந்தார்கள். அது நபிகளாரின் வாழ்நாள் நிறைவை அறிவிக்கிறது என்று சொன்னவர் அந்த இளைஞர். தகுதி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்காக மூத்தவர்களை உமர் (ரலி) அனுப்பிவிடவில்லை. இரு சாராரும் அந்த அவையில் தொடர்ந்து அமர்ந்தார்கள்.

நம் நிர்வாகக் குழுக்களில் நாற்பதுக்குக் கீழே எத்தனை பேர்? நாற்காலி தூக்கவும் நோட்டீஸ் ஒட்டவும் இளைஞர், முடிவெடுக்க மட்டும் பெரியவர் என்றால், நாற்காலி தூக்கியவர் ஒருநாள் தூக்காமல் போய்விடுவார். பிறகு காலியான நாற்காலிகள் மட்டுமே மிஞ்சும். அதேபோல, பெரியவர்களை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஆவேசத்தை மட்டும் முதலாக வைத்துக்கொண்டு ஓர் அமைப்பை நடத்தவும் முடியாது.

எனவே சகோதரர்களே! வயது தடையா என்று கேட்டால், இல்லை. வயதே தகுதியா என்று கேட்டால், அதுவும் இல்லை. வேகம் இளையவரிடம் அதிகம் இருக்கலாம், அனுபவம் மூத்தவரிடம் அதிகம் இருக்கலாம். நாணயமும் உழைப்பும் கேட்டு நடக்கும் பணிவும் எந்த வயதிலும் இருக்கலாம், எந்த வயதிலும் இல்லாமலும் போகலாம். ஆளைப் பார்த்துப் பொறுப்பைக் கொடுப்போம். கொடுத்தபின் நம்புவோம். நம்பியபின் கணக்குக் கேட்போம்.

இன்று வீட்டுக்குப் போனதும் தகப்பனும் மகனும் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து கடையைப் பற்றிப் பேசுங்கள். பேசிவிட்டு, இந்த வருஷம் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதுதான் இந்தக் கூட்டத்தின் பலன்.

வல்ல அல்லாஹ் நம் முதியவர்களுக்குத் தெளிவையும், இளையவர்களுக்கு நிதானத்தையும், அனைவரின் தொழிலிலும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.